புட்டியில் அடைத்த இளமை

ஆலோசனை முடிந்து, மருந்துச் சீட்டு கைக்குச் சென்ற பிறகுதான் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுகிறது. "டாக்டர், இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டவாறே பையினுள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமீது வைப்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியதாக இருக்கும். காலை நடைப்பயிற்சிக்கு உடன் வரும் நண்பர் விற்றதாக இருக்கும். கைப்பேசியில் விளம்பரம் கண்டு வரவழைத்ததாகவும் இருக்கும். உயிரணுக்களைப் புதுப்பிக்கும், முதுமையைத் தடுக்கும், வயதைப் பின்னோக்கித் திருப்பும் என்றெல்லாம் அதன் மேலட்டை பேசும். எங்களிடம் கேட்பவர்களைவிடக் கேளாமலே விழுங்குபவர்கள் மிகுதி என்பதை நாங்கள் அறிவோம். ஆதலால் அனைவருக்கும் பொதுவாக இம்மடலின் வழியே விடை கூற முற்படுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மனிதரின் முதுமையைத் தள்ளிப்போடுவதாகவோ ஆயுளை நீட்டிப்பதாகவோ தக்க ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்ட சத்து மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. காசு வீணாவதோடு இது முடிந்துவிடுமானால் நாங்கள் எழுத வந்திருக்க மாட்டோம். அவரவர் காசு, அவரவர் விருப்பம் என்று விட்டிருப்போம். ஆனால் இம்மாத்திரைகளுட் சில நாங்கள் செய்யும் இரத்தப் பரிசோதனைகளைப் பொய்யாக்குகின்றன. நாங்கள் கொடுக்கும் மருந்துகளோடு மோதுகின்றன. சில வேளைகளில் ஈரலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்குகின்றன. அவை உடலுக்குள் செல்கின்றன என்பதே எங்களுக்குத் தெரியாமல் போவதுதான் எங்கள் கவலை.

இளமையை மீட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிரவுன்-செகார் என்பவர் நரம்பியலில் இன்றளவும் பெயர் நிலைத்த பேரறிஞர். தண்டுவடம் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படும் நிலைக்கு அவர் பெயரையே நாங்கள் இன்றும் வழங்குகிறோம். அவர் 1889ஆம் ஆண்டில், தமது 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைப்பையிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்குத்தாமே ஊசியாக ஏற்றிக்கொண்டு, இழந்த வலிமை திரும்பிவிட்டதாகப் பாரிசு நகர அறிஞர் அவையில் அறிவித்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவ்வாறுதான் உணர்ந்தார். அந்தச் சாற்றில் அத்தகைய விளைவைத் தரும் அளவு எதுவும் இருந்திருக்க இயலாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவருக்குப் பின் வந்த மெச்னிகோஃப், நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டு உழவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் தயிரே காரணம் என்று நம்பித் தாமும் நாள்தோறும் அதனை உண்டார். 71ஆம் வயதில் மறைந்தார். தயிர் நல்ல உணவுதான். தலைமுறை தலைமுறையாகத் தயிர்ச்சோறு உண்டுவரும் நமக்கு அதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே நாம் நூற்றாண்டு கண்டவர்களாகவும் ஆகிவிடவில்லை.

இவ்விருவர் கதையிலும் நாங்கள் காண்பது ஒன்றே. நேர்மையானவரின் சொந்த அனுபவம்கூட மருந்துக்குச் சான்றாகாது.

அண்மைக் காலத்தில் இதே வழியில் சென்ற ஒன்று ரெஸ்வெரட்ரால். சிவப்புத் திராட்சையின் தோலில் இருக்கும் பொருள் இது. 2003இல், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் வாழ்நாளை இது நீட்டித்தது என்ற செய்தி வந்தது. 2006இல், கொழுப்பு மிகுந்த தீனி கொடுக்கப்பட்ட சுண்டெலிகள் இப்பொருளை உண்டபோது, அதே தீனியை உண்ட ஏனைய எலிகளைவிட நலமாக நெடிது வாழ்ந்தன என்ற ஆய்வு வெளிவந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின, மாத்திரைகள் கடைக்கு வந்தன. இப்பொருளைச் சார்ந்த மருந்துகளை உருவாக்கி வந்த சிறு நிறுவனம் ஒன்றை கிளாக்சோஸ்மித்கிளைன் 2008இல் 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பின்னர் நடந்ததை விளம்பரங்கள் சொல்வதில்லை. இயல்பான தீனி உண்ட எலிகளுக்கு ஆயுள் கூடவில்லை. இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்காக மனிதரிடம் மேற்கொண்ட ஆய்வு, சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதையடுத்து 2010இல் நிறுத்தப்பட்டது. 2013இல் அந்தச் சிறு நிறுவனத்தின் தனி அலுவலகமே மூடப்பட்டது. இத்தாலியில் கியாந்தி வட்டாரத்து முதியோர் 783 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், உணவின் வழியே இப்பொருளை மிகுதியாகப் பெற்றவர்களுக்கும் குறைவாகப் பெற்றவர்களுக்கும் இறப்பிலோ இதய நோயிலோ புற்றுநோயிலோ வேறுபாடு காணப்படவில்லை.

மருந்தாக்க முயன்ற நிறுவனம் கைவிட்டது. மாத்திரையாக விற்பவர்கள் கைவிடவில்லை. மருந்து என்று விற்க வேண்டுமானால் அது வேலை செய்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டும். சத்துப்பொருள் என்று விற்பதற்கு அந்தச் சுமை கிடையாது.

இப்போது அதே இடத்தில் என்.எம்.என். என்று சுருக்கமாக வழங்கும் பொருள் அமர்ந்திருக்கிறது. உயிரணுவின் ஆற்றல் வழங்கலுக்கு இன்றியமையாத ஒரு மூலக்கூறின் அளவை இது இரத்தத்தில் உயர்த்துகிறது என்பது உண்மை. அளவு உயர்வது வேறு, மனிதர் நலமாக நெடுநாள் வாழ்வது வேறு. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, சில வாரங்களோ மாதங்களோ நீடித்தவை. அவற்றைக் கொண்டு ஆயுளைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. சொல்பவர்கள் சுண்டெலிக்கு நேர்ந்ததை உங்களுக்கு விற்கிறார்கள்.

"பயன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கு இல்லையே" என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு விடை சொல்லும் ஆய்வுகள் மருத்துவ உலகில் மறக்க முடியாதவை. முதுமைக்குக் காரணம் உடலில் தோன்றும் தனி உறுப்புக்கள் எனப்படும் வினைமிகு மூலக்கூறுகளே என்ற கொள்கையை டென்ஹாம் ஹார்மன் 1956இல் முன்வைத்தார். அவற்றை அடக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் பொருள்களைக் கொடுத்தால் நோயும் மூப்பும் குறையும் என்பது அதிலிருந்து எளிதாகப் பிறந்த எண்ணம். காய்கனி மிகுதியாக உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்ற செய்தியும் அதற்குத் துணை நின்றது. ஆகவே பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் ஆராய்ந்தார்கள். சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் இ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை. 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களுக்கு, அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் கல்நார் தூசிக்கு ஆளான தொழிலாளரிடமும் நடந்த மற்றோர் ஆய்வு விடையளித்தது. அதில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் உண்டவர்களிடம் அப்புற்றுநோய் 28 விழுக்காடும் இறப்பு 17 விழுக்காடும் மிகுந்திருந்தமையால், 1996இல் அதனைக் குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்தினார்கள். பின்னர், 35,000க்கும் மேற்பட்ட ஆடவரிடம் நடந்த ஆய்வில், நாளும் 400 அலகு வைட்டமின் இ உண்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் தெரியவந்தது.

கேரட்டை அஞ்ச வேண்டியதில்லை. தட்டில் உணவாக இருப்பதும் அதிலிருந்து ஒரு கூறைப் பிரித்துப் பன்மடங்காகச் செறிவாக்கி மாத்திரையில் அடைப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் சொல்கிறோம். மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் நாம் இடும் ஒரு சிட்டிகை மஞ்சளால் ஈரல் கெட்டதாக நாங்கள் அறியோம். அதிலிருந்து குர்குமினைப் பிரித்தெடுத்து, மிளகிலுள்ள பைப்பரினோடு சேர்த்து, குடல் அதனை உறிஞ்சும் அளவைப் பல மடங்கு உயர்த்திக் கொடுக்கும்போது கதை மாறுகிறது. இத்தகைய மாத்திரைகளால் ஈரல் அழற்சி ஏற்பட்ட நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. பைப்பரின் வேறு பல மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றக்கூடியது. அசுவகந்தா என்று புட்டிகளில் விற்கும் அமுக்கராவின் செறிவூட்டிய சாற்றாலும் ஈரல் பாதிப்புகள் நேர்ந்துள்ளன. அது தைராய்டு சுரப்பை மிகுவிக்கவும் கூடும். டென்மார்க் 2023இல் அதற்குத் தடையே விதித்தது. இதைக் கூறுவதால் நாங்கள் சித்த மருத்துவத்தைப் பழிப்பதாகக் கொள்ள வேண்டா. பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் உங்கள் நாடி பார்த்துக் கொடுக்கும் மருந்து வேறு. எங்கோ செறிவாக்கப்பட்ட பொடியைப் புட்டியிலிட்டு, மேலே காயகல்பம் என்று அச்சிட்டு, எவர்க்கும் எவ்வளவும் விற்பது வேறு. முன்னதையும் எங்களிடம் சொல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இனி மருத்துவமனைக்குள் நாங்கள் நேரில் எதிர்கொள்ளும் இடர்களுக்கு வருகிறோம். தலைமுடி, தோல், நகம் ஆகியவற்றின் இளமைக்காக விற்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்னும் வைட்டமின் இருக்கும். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சில பத்து மைக்ரோகிராம் மட்டுமே. இம்மாத்திரைகளிலோ 5 அல்லது 10 மில்லிகிராம், அஃதாவது நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். அவ்வளவு உண்டாலும் உடலுக்கு நேரடியாகப் பெருந்தீங்கு இல்லை என்பது மெய்யே. ஆனால் ஆய்வகக் கருவிகள் சில, இரத்தத்தில் உள்ள பொருள்களை அளக்கப் பயோட்டினையே ஓர் ஒட்டுப்பொருளாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைந்திருந்தால் கருவி ஏமாறுகிறது. தைராய்டு நலமாக இருப்பவருக்கு அது மிகையாகச் சுரப்பதாக அறிக்கை வரும். அதைவிடக் கொடியது ட்ரோபோனின் பரிசோதனை. நெஞ்சு வலியோடு நள்ளிரவில் வருபவருக்கு மாரடைப்பா அன்றா என்று முடிவு செய்ய நாங்கள் பெரிதும் நம்புவது இதனைத்தான். பயோட்டின் இதன் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். மாரடைப்பு இருந்தும் இல்லையென்று அறிக்கை சொல்லக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் இதுபற்றி எச்சரித்தபோது, இவ்வாறு தவறான முடிவு வந்த ஒருவர் இறந்ததையும் குறிப்பிட்டது. முடி உதிர்கிறதே என்று உண்ட மாத்திரையை மாரடைப்புக்கு வந்த இடத்தில் எவர் நினைவுகூர்ந்து சொல்வார்?

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் இரத்தம் உறையாதிருக்க அசெனோகூமரால் அல்லது வார்ஃபரின் உண்பார்கள். ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து அளவைக் கவனமாகச் சரிசெய்கிறோம். இம்மருந்துகள் வைட்டமின் கே-யைத் தடுப்பதன் மூலமே வேலை செய்கின்றன. எலும்பின் இளமைக்கென்று விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் இப்போது வைட்டமின் கே2 சேர்க்கப்படுகிறது. மகள் அன்போடு வாங்கித் தந்த மாத்திரை, தந்தை உண்ணும் மருந்தின் வேலையைக் குலைத்து வால்வில் இரத்தம் உறைய வழி செய்யக்கூடும். மாறாக ஜின்கோ சாறு, மிகுந்த அளவு வைட்டமின் இ ஆகியவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு நோனி போன்ற பழச்சாறுகளில் உள்ள பொட்டாசியமே இடராகிவிடும்.

வைட்டமின் டி-யைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. குறைபாடு உள்ளவர்களுக்கு 60,000 அலகு மாத்திரையை வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு நாங்களே எழுதுகிறோம். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடையில் காட்டி வாங்குவோர் உண்டு. வாரம் ஒன்று என்பதை நாளும் ஒன்று எனப் பிறழக் கொண்டவர்களும் உண்டு. உடம்பில் தெம்பு வரும், எதிர்ப்பாற்றல் கூடும் என்று அண்டைவீட்டாருக்குப் பகிர்ந்தளிப்போரும் உண்டு. இது நீரில் கரைந்து வெளியேறும் பொருள் அன்று, கொழுப்பில் தங்கிவிடும். மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம், இறுதியில் சிறுநீரகச் செயலிழப்பு. மாத்திரையை நிறுத்திய பின்னும் நிலைமை சீராக வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். குறைபாடு இல்லாதவர்களுக்கு இதனால் என்ன கிட்டும் என்பதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், நாளும் 2,000 அலகு வைட்டமின் டி உண்டவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை.

"நான் உண்டேன், எனக்கு நன்றாக இருக்கிறதே" என்பவர்களை நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை. மூட்டு வலியும் களைப்பும் ஏறி இறங்கும் தன்மையுடையவை. மிக மோசமாக இருக்கும் நாளில்தான் மாத்திரையைத் தேடுகிறோம். எதுவும் உண்ணாவிட்டாலும் அதன்பின் சற்றுக் குறைந்தே இருக்கும். பணம் கொடுத்து வாங்கியவர் அதற்கேற்ப நடைப்பயிற்சியும் தொடங்கியிருப்பார், நேரத்துக்கு உறங்கியிருப்பார். பாராட்டு முழுவதும் புட்டிக்குப் போய்விடுகிறது. இதனால்தான் வெறும் மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வு வேண்டுமென்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கிறோம்.

பக்கவிளைவு அற்றது, ஆனால் முதுமையையே நிறுத்தும் என்று ஒரே மூச்சில் சொல்லப்படும்போது எங்கள் ஐயம் இரு மடங்காகிறது. உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் நடக்கும் மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் வல்லமை உள்ள பொருள், வேறெதையும் தொடாமல் விட்டுவிடுமா? ஒன்றும் செய்யாத பொருளுக்கே பக்கவிளைவும் இராது.

சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. இன்னின்ன நோய்களைத் தீர்ப்பதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று நம் நாட்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை பட்டியலிடுகிறது. இளமையை மீட்டுத் தரும் ஆற்றலும் முன்கூட்டிய மூப்பும் அப்பட்டியலில் உள்ளன. ஆகவே மருந்து என்று சொன்னால் இளமை என்று விற்க முடியாது. உணவு என்ற வாயிலின் வழியே வருகிறார்கள். புட்டியின் பின்புறத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். விதிப்படி இருந்தாக வேண்டும். அருகிலுள்ள உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் காட்டி, அரசே ஒப்புதல் அளித்துள்ளது என்று விற்பவர் கூறுவார். உணவு வணிகத்துக்கு அளிக்கப்படும் உரிமம் அது. பொருள் சொன்னபடி வேலை செய்யும் என்பதற்கு எவரும் அங்கே முத்திரை குத்தவில்லை.

விற்பவர் என்றோம். அவர் பெரும்பாலும் உறவினராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பதுதான் சிக்கல். ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயிலில் அன்றாடம் சந்திக்கும் அம்மையார், மருமகனின் அண்ணன். சங்கிலித் தொடர் விற்பனையில் தாமும் பணம் போட்டவர்கள். மறுத்தால் மனம் கோணுவார்களே என்பதற்காகவே மாதம் சில ஆயிரம் ரூபாயை முதியோர் பலர் கொடுத்துவருகிறார்கள். அதே வீட்டில், செலவைக் குறைப்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதையும் நாங்கள் காண்கிறோம். இதைக் காணும்போது எங்களுக்குச் சினம் வருவதை மறைக்க விரும்பவில்லை. அம்மாத்திரை பக்கவாதத்தைத் தடுப்பது பல்லாயிரவரிடம் மெய்ப்பிக்கப்பட்டது, விலையும் மலிவு. விளம்பரம்தான் கிடையாது. மறுக்கத் தயங்குபவர்கள், "எங்கள் டாக்டர் கூடாதென்று சொல்லிவிட்டார்" என்று எங்கள்மேல் பழியைப் போட்டுவிடலாம். நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்போம்.

எல்லா வைட்டமினும் வீண் என்பது எங்கள் வாதம் அன்று. பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உண்ணும் நீரிழிவாளர்க்கும் மரக்கறி உணவு மட்டுமே உண்பவர்க்கும் பி12 குறையக்கூடும். கருவுற்றோர்க்கு ஃபோலிக் அமிலமும் சோகை உள்ளவர்க்கு இரும்பும் தேவை. குறை இருக்குமிடத்தில், அளந்து, காலம் வரையறுத்துக் கொடுப்பது சிகிச்சை.

முதுமையைத் தள்ளிப்போட எதுவுமே இல்லையா என்று கேட்டால், ஆண்டுக்கணக்கில் அளந்து சொல்லப்பட்ட ஒன்று இருக்கிறது. பிரித்தானிய ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, புகைபிடிப்போர் சராசரியாக ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை இழக்கின்றனர் என்று 2004இல் தெரிவித்தது. 60 வயதில் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50இல் நிறுத்தியவர்கள் 6 ஆண்டுகளையும், 40இல் நிறுத்தியவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். இத்தகைய முடிவைத் தரும் மாத்திரை ஒன்று இருந்தால் அதன் விலை என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியை நாள்தோறும் செய்து தொடைத் தசையைக் காத்துக்கொள்பவர் தடுக்கி விழுவது குறையும். இடுப்பு எலும்பு முறிவால் படுக்கையில் வீழ்ந்த முதியோர் எத்துணை விரைவில் நலிகிறார்கள் என்பதை எலும்பு மருத்துவப் பிரிவில் உடனிருந்த குடும்பத்தினர் அறிவார்கள். கண்புரையை அகற்றிக்கொள்வதும், காது கேளாமைக்குக் கருவி பொருத்திக்கொள்வதும், பருப்பும் பயறும் முட்டையும் குறையாமல் உண்பதும் இவ்வகையில் சேர்ந்தவையே.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் உண்ணும் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டுப் புட்டி, நாட்டு மருந்துக்கடைப் பொடி, தண்ணீரில் கலக்கும் மாவு, மாதம் ஒருமுறை விழுங்குவது என எதையும் விட்டுவிட வேண்டா. கொண்டுவர இயலாவிடில் மேலட்டையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். முடிக்கும் தோலுக்கும் மாத்திரை உண்பவர்கள் இரத்தம் எடுக்கும் முன்னரே ஆய்வகப் பணியாளரிடம் சொல்லுங்கள். இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரும்படி அவர்கள் கூறக்கூடும். நெஞ்சு வலி போன்ற அவசரத்தில் காத்திருக்க வேண்டா. உடனே வந்து, வந்ததும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் மயக்க மருத்துவரிடமும் மறவாமல் தெரிவிக்க வேண்டும். நினைவு மங்கிய முதியோர்க்கு உடன் வரும் மகனோ மகளோ மருமகளோ இதைச் செய்யலாம். என்ன விலை கொடுத்தீர்கள், யார் விற்றார்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.